புது இஞ்சினுக்கு முதல் பத்து மணித்தியாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் ஆற்றுக்கும் (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்) நடுவில், வள்ளத்து இஞ்சின் திருத்தும் சின்னக் கொட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். நாவலடி, பாலமீன்மடு ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். வாழைச்சேனையில் இருந்தும் சாய்ந்தமருதில் இருந்தும் தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு. புது இஞ்சின் வாங்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பைபர் வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் 8 முதல் 40 குதிரைவலு வரையான இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினை மனதில் வைத்து எழுதியது இது. நாலு ஸ்ட்ரோக்குக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் இஞ்சினோடு வந்த கைநூல் வேறு கணக்குச் சொன்னால், என்னை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள்.

ரன்னிங் இன் (புது இஞ்சினை மெல்ல மெல்லப் பழக்குவது) உண்மையிலேயே தேவையா? தொழிற்சாலையிலேயே ஓட்டிப் பார்த்துத்தானே அனுப்புகிறார்கள்?

அங்கே ஓட்டுவது இஞ்சின் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. பழக்குவது உங்கள் வேலை.

புது சிலிண்டருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், பாய்ப் பின்னல் போலக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். கவலையீனத்தால் வந்த கீறல் என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே போட்டவை அவை. ஒயில் அந்தக் கோடுகளில் தங்கி நிற்கும். பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) அவற்றின் மேல் உரசி உரசித் தன் விளிம்பைச் சிலிண்டரின் வளைவுக்கு ஏற்றபடி தேய்த்துக்கொள்ளும். பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே இது நடந்து முடிகிறது. ரிங் சரியாக உட்கார்ந்தால் வெடிப்பின் அமுக்கம் முழுவதும் பிஸ்டனைத் தள்ளும். உட்காராவிட்டால் அமுக்கம் பக்கவாட்டில் கசியும். வள்ளம் பாரம் ஏற்றினால் இழுக்காது, எரிபொருள் கூடக் குடிக்கும், காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் போகும். கீழே இருக்கும் கியர்ப் பற்களும் இதே நாட்களில்தான் ஒன்றோடொன்று பழகிக்கொள்கின்றன.

புது இஞ்சினைக் கெடுக்க இரண்டு வழி இருக்கிறது. முதல் நாளே முறுக்கி அடிப்பது ஒன்று. பயத்தில் பத்து மணித்தியாலமும் ஊர்ந்துகொண்டே இருப்பது மற்றது. முதலாவதை எல்லோரும் எச்சரிப்பார்கள். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

சரி, அந்தப் பத்து மணித்தியாலத்தை எப்படி ஓட்டுவது?

யமஹா இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்களுக்குச் சொல்லும் முறையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். மற்றக் கம்பனிகளின் கணக்கும் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

முதல் 10 நிமிஷம் ஆகக் குறைந்த வேகம். அடுத்த 50 நிமிஷம் பாதி முறுக்குக்கு (கைபிடியைப் பாதி திருகிய அளவுக்கு) மேல் போக வேண்டாம். ஆர்பிஎம் மீற்றர் (இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது) இருந்தால் 3000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மணித்தியாலம் முக்கால் முறுக்கு வரை, அதாவது 4000 அளவு. மூன்றாவதில் இருந்து பத்தாவது வரை விரும்பிய வேகத்தில் ஓடலாம், ஆனால் முழு முறுக்கில் ஒரே மூச்சில் 5 நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

கைபிடி இஞ்சினில் யாரிடம் மீற்றர் இருக்கிறது? எனக்கு உதவியது மகளின் நகப்பூச்சு. இஞ்சின் நிற்கும்போது, கியரை முன்னுக்குப் போட்டுக்கொண்டு கைபிடியை ஒரு முறை முழுவதும் திருகி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, முக்காலில் இரண்டு. அசையாத பக்கத்தில் ஒரு கோடு. புள்ளி கோட்டுக்கு வந்தால் கை நிற்க வேண்டும். விடியப்புற இருட்டில்கூட டோர்ச் வெளிச்சத்தில் தெரியும். இதை முதல் தடவை பார்த்தபோது சிரித்த சம்மாட்டி ஒருவர், அடுத்த கிழமை தன் இரண்டு வள்ளங்களுக்கும் போட்டுத் தரச் சொன்னார்.

புள்ளிக்குள்ளேயே இருந்தாலும் ஒரே வேகத்தில் நிற்காதீர்கள். சில நிமிஷம் கூட்டி, சில நிமிஷம் குறைத்து, மறுபடி கூட்டி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். கூட்டும்போது அமுக்கம் ரிங்கைச் சுவரோடு அழுத்தும், குறைக்கும்போது சூடு ஆறும். வள்ளம் மிதந்து எழும்பும் வேகத்துக்கு வருவதற்குச் சற்றுக் கூட முறுக்க வேண்டியிருந்தால் முறுக்கலாம், எழும்பியதும் குறைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணிய பிறகு மூன்று, நான்கு நிமிஷம் மெதுவாகச் சூடேற விட வேண்டும். நியூட்டரில் (கியர் போடாமல்) வைத்து உறுமவிட்டுச் சத்தம் கேட்டு ரசிக்க வேண்டாம். ஒருவருக்கும் அதனால் நன்மை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் உட்பட.

வீட்டு வளவில் பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஓட்டி முடித்துவிட்டுக் கடலுக்கு இறக்கலாமா?

கூடாது. பீப்பாய்க்குள் இஞ்சினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாமல் மெதுவாக ஓடினால் ரிங்கை அழுத்த அமுக்கம் வராது. கோடுகள் கண்ணாடி போல மழுங்கி, ரிங் உட்காராமலேயே போய்விடும். அப்புறம் திறந்து மறுபடி கோடு போட வேண்டிவரும். போதாததற்குப் புகையும் ஒயிலும் அந்தப் பீப்பாய்த் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர் சூடாகும், அதையே இஞ்சின் குளிர்த் தண்ணீராக உறிஞ்சும். பீப்பாய் கழுவுவதற்கு மட்டும்தான்.

பெற்றோலில் ஒயில் எவ்வளவு கலப்பது?

கலந்து ஊற்றும் யமஹா இஞ்சினுக்கு முதல் 10 மணித்தியாலமும் 25:1. அதற்குப் பிறகு பெரும்பாலான மாதிரிகளுக்கு 50:1. சுசுகியின் இரண்டு ஸ்ட்ரோக் சிலவற்றுக்குப் பழக்கும் காலத்தில் 30:1 என்று இருக்கும். கைநூலைப் பாருங்கள்.

25:1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 10 லீற்றருக்கு 400. 50:1 என்றால் அதில் சரிபாதி, 10 லீற்றருக்கு 200.

இதைக் கண்மட்டத்தில் ஊற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ரெண்டு மூடி", "ஒரு சோடாப் போத்தலில் கால்வாசி" என்று ஆளுக்கொரு கணக்கு. பார்மசியில் குழந்தைகளுக்கான பால் போத்தல் ஒன்று வாங்கினால் போதும், மில்லிலீற்றர் கோடு அதில் அச்சடித்தே இருக்கும். முதலில் கானுக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, ஒயில் முழுவதையும் அதில் விட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். பிறகு மீதிப் பெற்றோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஒயிலை மேலே ஊற்றிவிட்டுப் போனால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் அரை மணித்தியாலம் இஞ்சின் ஒயிலைக் குடிக்கும், கடைசியில் வெறும் பெற்றோலைக் குடிக்கும்.

ஒயில் கூடினால் இன்னும் பாதுகாப்புத்தானே?

இல்லை. காபரேற்றரின் (பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் உறுப்பு) துளை ஒரே அளவுதான். அதன் வழியாக ஒயில் கூடப் போனால் பெற்றோல் குறைந்து போகிறது. பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவை சூடாக எரியும். நீங்கள் குளிர வைக்க ஊற்றியது சூடாக்குகிறது. அத்தோடு பிளக் நனைந்து கரி பிடிக்கும், ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சொன்ன அளவு, அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளுக்குப் போடும் டூ-ரீ (2T) ஒயில் வீட்டில் இருக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டாம். போத்தலில் டி.சி. டபிள்யூ 3 (TC-W3) என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அது தண்ணீரால் குளிரும் வள்ளத்து இஞ்சினுக்கு என்று செய்தது, எரிந்தபின் சாம்பல் விடாது. காற்றால் குளிரும் சைக்கிள் இஞ்சினின் ஒயில் வேறு சூட்டுக்குச் செய்தது. வள்ளத்து இஞ்சின் அந்தச் சூட்டுக்குப் போகாது, ஆகவே படிவு பிளக்கிலும் ரிங்கிலும் தங்கும்.

தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இஞ்சினின் பின்பக்கம், மூடிக்குக் கீழே இருக்கும் சின்னத் துளையில் இருந்து தண்ணீர் தாரையாக விழும். கரையில் அந்தத் துளைக்கு இருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. ஸ்டார்ட் பண்ணியதும் பார்க்க வேண்டியது அதைத்தான். ஓட்டும்போதும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் திருப்பிப் பாருங்கள்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். என்னுடைய முதல் புது இஞ்சின், 15 குதிரைவலு. ரன்னிங் இன் மூன்றாவது மணித்தியாலம். மாமா பின்னால் கைபிடியில், நான் முன்னால். பாலமீன்மடுப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். புள்ளியைத் தாண்டவில்லை, ஒயில் அளவு சரி, எல்லாம் புத்தகப்படி. இஞ்சினின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. மாமா, "காத்து எதிர்த்து அடிக்குது மருமகன்" என்றார். அடுத்த நிமிஷம் "டக்" என்று நின்றது. கயிற்றை இழுத்தால் கல்லில் கட்டியது போல அசையவில்லை. தூக்கிப் பார்த்தபோது கீழ்க்காலின் (இஞ்சினின் தண்ணீருக்குள் நிற்கும் பகுதி) இரண்டு பக்கமும், தண்ணீர் உறிஞ்சும் கண்களுக்கு மேல், ஒரு நீலச் சொப்பிங் பை அழகாகச் சுற்றியிருந்தது. அதில் வெங்காயத் தோல்கூட இருந்தது. சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துவிட்டது. இரண்டு பேரில் ஒருவராவது அந்தத் துளையைத் திரும்பிப் பார்த்திருந்தால் ஒரு பையை உருவி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

நம்முடைய ஆற்றில் பை மட்டுமா? மழைக்குப் பிறகு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கூட்டமாக மிதந்து வரும். ஆழமில்லாத இடத்தில் மணலும் சேறும் உறிஞ்சப்படும், தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரை மணல் தின்றுவிடும். தாரை மெலிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து, இஞ்சினை நிறுத்தி, தூக்கிப் பாருங்கள். கண்களில் ஒன்றும் இல்லையென்றால் துளையிலேயே உப்போ மணலோ அடைத்திருக்கலாம், ஒரு துண்டுத் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் துடுப்பை எடுக்க வேண்டியதுதான்.

தரையில் வைத்து "ஒரு செக்கன் மட்டும்" தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் வழுக்கல். அது இல்லாவிட்டால் ரப்பர் கருகும்.

பாதி வழியில் இஞ்சின் மூச்சுத் திணறுவது போல நின்று நின்று ஓடுகிறது.

டாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? பத்தில் ஏழு பேர் திறந்திருக்க மாட்டார்கள். அது மூடியிருந்தால் டாங்கிக்குள் காற்றுப் போகாது, பெற்றோல் வெளியே வராது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெற்றோல் வராவிட்டால் ஒயிலும் வராது என்பதை மறக்காதீர்கள். பழக்கும் காலத்தில் இது பெரிய ஆபத்து. ரப்பர்க் கைப்பம்பின் அம்புக்குறி இஞ்சினைப் பார்த்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எங்களுடையது மண்ணெண்ணெய் இஞ்சின். அதே கணக்குத்தானா?

வேகக் கணக்கு அதேதான். எரிபொருள் பழக்கம்தான் வேறு. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன்னால் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்து முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். சோம்பேறித்தனத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் மறுநாள் விடியப்புறம் இஞ்சின் அதற்குப் பதில் சொல்லும். புது இஞ்சினில் மாற்றும் அவசரம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சூடேறட்டும். கலந்து ஊற்றும் இஞ்சின் என்றால் ஒயில் இரண்டு டாங்கியிலும் கலக்க வேண்டும். சின்னப் பெற்றோல் டாங்கியில் வெறும் பெற்றோல் ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோல் இஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: மண்ணெண்ணெய் இஞ்சின் அமுக்கம் குறைத்துச் செய்தது. பெற்றோல் இஞ்சினின் அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னே வெடித்துப் பிஸ்டனின் தலையை அடிக்கும். ஒரு காலத்தில் ஆசைப்படக் காரணம் இருந்தது, ஏனென்றால் லீற்றர் 87 ரூபாய்க்கு விற்றது. 2022 ஓகஸ்ட்டில் அது ஒரே இரவில் 340 ஆனபோது மண்ணெண்ணெய் இஞ்சின்காரர்கள்தான் கரையில் உட்கார்ந்தார்கள். அந்த மாதங்களில் என் கொட்டிலுக்கு வந்த இஞ்சின்களின் டாங்கியில் என்னென்ன கலந்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எங்கே, எந்த மாதத்தில் ஓட்டினால் நல்லது?

முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஆறுதான் நல்லது. அலை இல்லை, நின்றுபோனால் துடுப்பு வலித்துக் கரைக்கு வரலாம். வலை கட்டியிருக்கும் இடங்களையும் தோணிக்காரர்களையும் விலகிப் போங்கள். கல்முனை, சாய்ந்தமருது, திருக்கோவில் போல நேரே கடலில் இறக்கும் இடங்களில் காற்று எழும்பும் முன், காலை வேளையில், கரையோடு ஒட்டி ஓடுங்கள். புது இஞ்சினோடு முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம், முதல் இரண்டு மணித்தியாலம் முடியட்டும். ஆற்றுவாய் திறந்திருக்கும் நாட்களில் அங்கே அலை புரளும்போது முழு முறுக்குத் தேவைப்படும். தேவைப்படும் நேரத்தில் "ரன்னிங் இன்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. உயிரா இஞ்சினா என்று வந்தால் முறுக்குங்கள், இஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்முடைய பக்கக் கடல் வாடைக் காலத்தில் குமுறும். கார்த்திகை, மார்கழியில் இஞ்சின் வாங்கியவர்கள் தை கழியும்வரை பொறுத்தால் நல்லது. சித்திரைக்குப் பிறகு இதெல்லாம் சும்மா விளையாட்டு.

பத்து மணித்தியாலமும் தொழிலுக்குப் போகாமல் சும்மா ஓட்டச் சொல்கிறீர்களா? லீசிங் காசு யார் கட்டுவது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

முதல் இரண்டு மணித்தியாலத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள். இரண்டு பேர், வெறும் வள்ளம், வலை இல்லை, ஐஸ் இல்லை. ஒரு காலையில் முடிந்துவிடும். மூன்றாவதில் இருந்து தொழிலுக்குப் போகலாம், ஆனால் கரையை அண்டிய தொழிலாக இருக்கட்டும். நான்கு பேர், ஐஸ் பெட்டி, வலை என்று முழுப் பாரம் ஏற்றினால் முக்கால் முறுக்கிலும் இஞ்சின் முக்கிக்கொண்டுதான் போகும், அது முழு முறுக்கைவிட மோசம். இன்னொரு வள்ளத்தைக் கட்டி இழுப்பது வேண்டாம். தூரக் கடலுக்குப் பத்து முடிந்த பிறகு போங்கள். உண்மையில் கணக்குப் பார்த்தால் நான்கைந்து தொழில் நாட்களில் பத்து மணித்தியாலம் முடிந்துவிடுகிறது. நீங்கள் இழப்பது ஒரே ஒரு காலைதான்.

மணித்தியாலத்தைக் குறித்து வையுங்கள். இஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் ஒரு பிளாஸ்டர்த் துண்டு ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைப் பேனாவால் எழுதுங்கள். வொரண்டிக்குப் போகும்போதும் அது பேசும்.

புகை கூட வருகிறது, தண்ணீரில் ஒயில் படை தெரிகிறது. பழுதா?

25:1 கலவைக்கு அது இயல்பு. பத்து முடிந்து 50:1க்கு மாறியதும் குறையும். சூடான இரும்பின் வாசனை, சத்தம் கனப்பது, தானாக வேகம் இறங்குவது, இவைதான் பழுதின் குறிகள். உடனே நிறுத்துங்கள்.

நாலு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு?

வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறை கிட்டத்தட்ட இதுதான், அதுவும் 10 மணித்தியாலம். பெற்றோலில் ஒயில் கலக்கக் கூடாது, ஒயில் தனியாக உள்ளே நிற்கும். பெட்டியில் வரும் புது நாலு ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் ஒயில் இருக்காது! கட்டாரில் இருந்து மகன் காசு அனுப்பி வாங்கிய இஞ்சினை, பெட்டி பிரித்த சூட்டோடு கயிறு இழுக்கப் போன ஒரு காக்காவை (முஸ்லிம் அண்ணன்) நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். கம்பனி சொன்ன ஒயிலை ஊற்றி, அளவுக் குச்சியில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். யமஹா நாலு ஸ்ட்ரோக்குகளில் முதல் ஒயில் மாற்றம் 20 மணித்தியாலத்தில். அந்த ஒயிலை வெளியே விட்டுப் பார்த்தால் வெயிலில் மினுங்கும் பொடி தெரியும். பழகும்போது உதிர்ந்த உலோகம் அது. அதை உள்ளேயே விட்டு இன்னும் நூறு மணித்தியாலம் ஓட்டுவது மணலோடு சோறு தின்பது போல.

கியர் ஒயிலைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டும். முதல் மாற்றம் கைநூலைப் பொறுத்து 10 அல்லது 20 மணித்தியாலத்தில். கீழ்க்காலில் இரண்டு திருகுகள் இருக்கும். முதலில் கீழ்த் திருகையும் பிறகு மேல் திருகையும் கழற்றி, பழையதை முழுவதும் வடிய விடுங்கள். புது ஒயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும்வரை. மேலே இருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, நிரம்பியது போலப் பொய் காட்டும். நிரம்பியதும் மேல் திருகை முதலில் மூடி, பிறகு கீழே. வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

வடித்த ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது இஞ்சினில் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். புரொப்பெல்லரைக் கழற்றினால் பதில் கிடைக்கும்: தண்டில் சுற்றிய வலை நூல். நைலோன் நூல் சுற்றிச் சுற்றி இறுகி, சூடாகி, தண்ணீரை மறிக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்துவிடும். பழக்கும் பத்து மணித்தியாலத்துக்குள்ளேயே இப்படிச் சீல் போன இஞ்சின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. வலையில் ஓடினால் அன்று பின்னேரமே கழற்றிப் பாருங்கள்.

பின்பலகையில் எந்த உயரத்தில் மாட்டுவது?

புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக நிற்கும் தகடு வள்ளத்தின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது 25 மில்லிமீற்றர் வரை கீழே இருக்கட்டும். உயர்ந்தால் புரொப்பெல்லர் காற்றைக் கடித்து இஞ்சின் திடீரென்று உறுமும். புது இஞ்சினுக்கு அது ஆகாது. கிளாம்ப் இரண்டையும் கையால் இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் இளகியிருக்கும். அப்புறம் ஒரு பாதுகாப்புக் கயிறு. அந்தக் கயிறு இல்லாமல் ஆற்றின் அடியில் கிடக்கும் இஞ்சின்கள் பற்றி மீன்களுக்குத் தெரியும்.

பூசை போட்டுத்தான் இறக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.

போடுங்கள். தேங்காய் உடையுங்கள், தேசிக்காய் வையுங்கள். சந்தனம் குங்குமத்தை மேல் மூடியில் வையுங்கள். கீழ்க்காலில் இருக்கும் துத்தநாகத் துண்டில் சந்தனமோ பெயின்ரோ வேண்டாம். உப்பு இஞ்சினை அரிக்காமல் தன்னை அரித்துக்கொள்ளக் கொடுக்கும் துண்டு அது, மூடிவிட்டால் அதன் வேலை நின்றுவிடும்.

பழைய இஞ்சினுக்குச் சிலிண்டர் போர் பண்ணி (உட்பக்கத்தைக் கடைந்து) புதுப் பிஸ்டன் போட்டோம். அதற்கும் ரன்னிங் இன் உண்டா?

உண்டு. மேலே சொன்னது அத்தனையும், ஒன்றுவிடாமல்.

ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டுமா?

கடலில் ஓடிய ஒவ்வொரு நாளும். ஆறு என்றாலும் அது உப்புத் தண்ணீர்தான். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் தகட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி இறக்கி, மெதுவான ஓட்டத்தில் ஐந்து பத்து நிமிஷம் போதும்.

பத்து மணித்தியாலம் முடிந்தது. மிச்சம் இருக்கும் கலவையை என்ன செய்வது? வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஊற்றிவிட வேண்டாம். 25:1 கலவை 10 லீற்றர் மிச்சம் இருந்தால், அதே அளவு வெறும் பெற்றோல் சேர்த்துக் குலுக்குங்கள். 20 லீற்றரில் 400 மில்லிலீற்றர் ஒயில், சரியாக 50:1 ஆகிவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாக ஈரமாக இருந்தால் துடைத்துப் போடலாம், பழக்கும் கலவையின் மிச்சம் அது. 50:1இல் சில நாள் ஓடிய பிறகு தேநீர்ச் சாயம் போன்ற மண்ணிறத்துக்கு வர வேண்டும். வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை காய்ந்து ஓடுகிறது, ஓட்டாமல் கொண்டுவந்து காட்டுங்கள். நட்டு போல்ட்டுகள், காபரேற்றரின் ஸ்லோ (மெதுவான) ஓட்டம் இரண்டையும் இந்த நேரத்தில் ஒரு மெக்கானிக் பார்ப்பது நல்லது. வொரண்டி இருக்கும்வரை கம்பனியின் ஆளிடமே போங்கள், என்னிடம் வர வேண்டாம்.

நகப்பூச்சுப் புள்ளிகளை இனி அழிக்கலாமா?

நடுவில் உள்ள ஒற்றைப் புள்ளியை அழிக்கலாம். முக்காலில் உள்ள இரண்டையும் விட்டுவையுங்கள். அந்த இடத்துக்கும் முழு முறுக்குக்கும் நடுவில் வள்ளம் கூடப் போகும் தூரம் கொஞ்சம், டாங்கியில் இறங்கும் எரிபொருள் நிறைய. மாமாவின் இஞ்சினில் அந்தப் புள்ளிகள் மங்கும்போதெல்லாம் மகள்தான் போய் மேலே பூசிவிடுகிறாள். போன தடவை சிவப்பு முடிந்துவிட்டதாம், இப்போது ஊதா.